கனகா அக்கா சுட்ட கோழி

கனகா அக்கா போய்விட்டார் என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் அவருடைய கீழ்வீட்டு பௌதி. பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. டாக்குரியாவில் அந்தக் கட்டடத்துக்கே அவர் பௌதிதான். அழுதுகொண்டே வைத்துவிட்டார். நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

அக்காவும் நானும் அலிப்பூரில் ஒரே அலுவலகம். விருதுநகர்க்காரர், கணவரை இழந்தவர். அவர் வாயில் விழுந்து எழுந்தவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். குளிர்கால ஞாயிறுகளில், தயிரும் மிளகும் பூசி ஊறவைத்த முழுக்கோழியைக் கம்பியில் குத்தி மொட்டைமாடியில் சுடுவார். கம்பியைச் சுற்றுவது நான். சற்று வேகமாகச் சுற்றினால், "என்னடா, பஸ்ஸைப் பிடிக்கணுமா? தணல்ல மெதுவா வேகட்டும்" என்பார்.

கொழுப்பு கரியில் சொட்டிப் புகை கிளம்பினால் பௌதி சண்டைக்கு வந்துவிடுவார். அவரும் கணவரை இழந்தவர். குடும்ப வழக்கப்படி, கணவர் போன அன்றோடு அவருக்கு மீனும் கறியும் நின்றுபோயின. ஒருநாள் அவர் திட்டித் தீர்த்துவிட்டு இறங்கியதும் அக்கா சொன்னார்: "புகைக்கு ஜன்னலைச் சாத்தினாப் போதுமே. மாடி ஏறி வர்றாளே, இவளுக்குப் பசிக்குதுடா."

அடுத்த ஞாயிறு ஒரு தொடையைத் தட்டில் வைத்து நீட்டினார். "நானும் புருஷனை இழந்தவதான். அதுக்குக் கோழி என்ன பண்ணுச்சு?" என்று தனக்குத் தெரிந்த வங்காளத்தில் கேட்டார். பௌதி அசையவில்லை. அக்கா தட்டைத் தண்ணீர்த் தொட்டியருகே வைத்துவிட்டு, "டேய், அந்தப் பக்கம் திரும்பு" என்றார். தானும் திரும்பிக்கொண்டார். மாடியிலிருந்து தெரியும் ஸ்டேஷனில் ஒரு ரயில் வந்து புறப்படும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பார்த்தால் தட்டில் எலும்புதான் இருந்தது.

அதன்பின் ஒவ்வொரு குளிர்காலமும் அப்படித்தான். கீழே மைத்துனர் வீட்டார் காதில் விழும்படி உரக்கத் திட்டிக்கொண்டே பௌதி படியேறுவார். நாங்கள் திரும்பி நிற்போம்.

காரியம் முடிந்து அக்காவுக்குப் படைத்த நாளில், சென்னையிலிருந்து வந்த மகன் சாப்பாட்டுக்கு ஹோட்டலில் சொல்லியிருந்தார். பௌதியோ தானே சுட்ட கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் கருகியிருந்தது. அக்கா இருந்திருந்தால் திட்டிக் கிழித்திருப்பார். படைத்து முடிந்ததும், தன் மைத்துனர் குடும்பமும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, பௌதி ஒரு துண்டைக் கையில் எடுத்தார்.

பசித்தவர் சாப்பிடும்போது பார்க்காமல் இருப்பது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அன்றும் திரும்பிக்கொண்டேன்.

"ஏன் திரும்பறே?" என்றார் பௌதி. "பாரு."