முழுக்கை ரவிக்கை

எனக்குக் குளிர் ஆகாது. பிடிக்காது என்று சொல்லவில்லை, ஆகாது. குளிர்காற்று பட்ட இடமெல்லாம் கொஞ்ச நேரத்தில் தடித்துச் சிவந்து, அரிக்க ஆரம்பித்துவிடும். காணாக்கடி. டாக்டர் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொல்லி, மாத்திரை எழுதி, உடம்பை மூடிக்கொண்டால் போதும் என்று அனுப்பிவிட்டார். டிசம்பர் மாதப் புனேயில் கராடி ஆபீசுக்கு ஸ்கூட்டரில் போகும்போது இரண்டு ஸ்வெட்டர், கையுறை, கண்ணை மட்டும் விட்டு முகம் முழுக்க ஸ்கார்ஃப். வாசல் செக்யூரிட்டி தினமும் என்னிடம் மட்டும் அடையாள அட்டை கேட்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இப்பேர்ப்பட்டவளுக்குக் கல்யாணம் தை மாதத்தில், விடியற்காலை முகூர்த்தத்தில். இடம், திறந்த புல்வெளி.

புல்வெளி மாமியாரின் ஆசை. பிம்ப்ரியில் முப்பது வருஷமாக இருக்கிற தமிழ்க் குடும்பம் அது. "லான்ஸ்ல பண்ணாதான் ஏக்தம் எடுப்பா இருக்கும். ஊர்லேந்து வர்றவங்க பாக்கட்டுமே" என்று சொல்லிவிட்டார். இந்த ஊர்க்காரர்கள் புல்வெளிக் கல்யாணத்தைச் சாயங்காலம் விளக்குப் போட்டு வைப்பார்கள். பனி கொட்டுகிற நேரத்தில் அங்கே நாய்கூடப் படுக்காது. ஆனால் எங்களுக்குப் புனேயின் புல்வெளியும் வேண்டும், சொந்த ஊரான விருதுநகரின் முகூர்த்தமும் வேண்டும்.

"அவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிருவோம்மா" என்றேன்.

"வாயத் தொறந்த, பாத்துக்கோ!" என்றாள் அம்மா. "தோல் வியாதின்னு நெனச்சுருவாங்க. மாப்பிள்ளகிட்டயும் மூச்சு விடக்கூடாது. எந்தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு."

"கல்யாணத்தன்னைக்கு மறைக்கலாம். ஆயுசுக்கும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா குடும்பம் நடத்த?"

"மொதல்ல தாலி ஏறட்டும்டி. அதுக்கப்புறம் என்ன வேணா தெரியட்டும்."

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். எதையும் ஒளிக்காமல் போய் மணையில் உட்கார வேண்டும். அதற்கு வழியில்லை என்று ஆனபிறகு, குறைந்தபட்சம் மணிக்கட்டு வரை மூடுகிற ஒரு ரவிக்கை. ஆனால் முகூர்த்தப் பட்டு மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. பட்டு யாருடையதோ ரவிக்கையும் அவர்களுடையது.

மார்கழி பிறந்தால் பட்டு எடுக்கக் கூடாது என்பதால், கார்த்திகை முடிவதற்குள் எல்லோரும் லக்ஷ்மி ரோட்டுக் கடைக்கு ஓடினோம். நான், அம்மா, அப்பா, மாமியார், நான் அண்ணி என்று கூப்பிடுகிற மாப்பிள்ளையின் அக்கா. வெளியே ஊரே ஸ்வெட்டரில் திரிகிறது. கடைக்குள் ஏசி! அதுவும் ஐஸ்கிரீம் வைக்கிற அளவுக்கு. பட்டுக்கு நல்லதாம். வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் எங்களை உட்கார வைத்து, விற்பனைக்காரர் ஒவ்வொரு புடவையாக உதறி விசிறினார். ஒவ்வொரு உதறலுக்கும் ஒரு காற்று வந்து என் மேல் விழுந்தது.

மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் புடவை ஒன்று எல்லோருக்கும் பிடித்துப்போனது. எனக்கும்தான். அதுவரை சண்டையில்லை.

"ஸ்வெட்டரக் கழட்டும்மா. மேல போட்டுப் பாக்கலாம்" என்றார் மாமியார்.

"பரவால்ல அத்தை, இப்படியே பாக்கலாம்."

"பச்சை ஸ்வெட்டர் மேல மஞ்சள் போட்டா என்ன தெரியும்?"

"அவளுக்கு ரொம்பக் கூச்சம்" என்று அம்மா குறுக்கே விழுந்தாள்.

பிறகு ரவிக்கைப் பேச்சு வந்தது. குட்டைக்கை வைத்து, அதில் மயில் வேலைப்பாடு செய்ய வேண்டும் என்றார் மாமியார். நான் முழுக்கை என்றேன். "முழுக்கையா? மயில எங்க உக்கார வைக்கிறது?" என்றார். "இப்ப அதான் பேஷன்" என்றாள் அம்மா. சற்றுப் பொறுத்து, "குலதெய்வத்துக்கு ஒரு வேண்டுதல்" என்றாள். கூச்சம், பேஷன், வேண்டுதல் மூன்றும் ஒரே கையில் எப்படித் தங்கும் என்று அவள் யோசிக்கவில்லை. மாமியார் தன் மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தார். அப்பா கடை உபயத்தில் வந்த டீயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா, உள்ள போய் கண்ணாடில பாக்கலாம்" என்று அண்ணி என் கையைப் பிடித்து, துணி மாற்றும் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். பிறகு குரலை இறக்கி, "உண்மையச் சொல்லு. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். பேரா, படமா?" என்றார்.

"என்ன அண்ணி?"

"டாட்டூதானே? யார் பேரு?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சத்தியமாவது, அம்மாவின் தலையாவது! ஸ்வெட்டர் கையை முழங்கை வரை சுருட்டிக் காட்டினேன். ஏசி தன் வேலையை முடித்திருந்தது. கை முழுக்கச் சிவப்புத் தடிப்பு.

அண்ணி கதவைத் திறந்து, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்: "அம்மா! காணாக்கடிதான்மா! வேற ஒண்ணும் இல்ல!"

"அப்பாடா, வயித்துல பால வார்த்தடி!" என்றார் மாமியார், நெஞ்சில் கை வைத்து. "இதுக்கா இவ்ளோ நாடகம்? எங்க அத்தைக்கு இருந்துச்சு. மூடிக்கிட்டா சரியாயிரும்." அதோடு நிற்கவில்லை. முழுக்கை வைத்து அரக்கு வெல்வெட்டில் ரவிக்கை, கூடவே ஒரு சால்வை என்று அங்கேயே முடிவு செய்தார். மயில் முதுகுக்குப் போனது. "அவனுக்கும் முழுக்கைலதான் பட்டுச் சட்டை. இந்தத் தண்டிக் குளிரு தாங்க மாட்டான்" என்று மகனுக்கும் சேர்த்து எடுத்தார்.

திரும்பும் வழியில் அம்மா பொருமித் தீர்த்தாள். "எம்பொண்ணப் பாத்து டாட்டூன்னு எப்படி நெனக்கத் தோணுச்சு? அதுசரி, அந்தப் பையன் மட்டும் எப்பப் பாத்தாலும் முழுக்கைச் சட்டையிலயே வர்றானே, ஏன்? தோல்ல ஏதாவது இருக்குமோ?"

"குளிருதுல்ல" என்றார் அப்பா. அன்று முழுக்க அவர் பேசியது அதுதான்.

மாலையில் மாப்பிள்ளை போன் செய்தார். சாகண் தொழிற்பேட்டையில் கார் கம்பெனி என்ஜினியர், அளந்து பேசுகிறவர். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. நமக்குள்ள ஒளிவு மறைவு இருக்கக் கூடாது" என்றார். நான் வெட்கப்பட்டேன், அழவும் அழுதேன். இப்படி ஒரு தங்கமான மனுஷன் கிடைத்தானே என்று விடியும்வரை பூரித்துக் கிடந்தேன்.

முகூர்த்தத்தன்று புல்வெளி வெள்ளையாகப் பனி மூடிக் கிடந்தது. ஊரிலிருந்து வந்த சொந்தங்கள் பட்டுக்கு மேல் கம்பளி, கம்பளிக்கு மேல் குரங்குக் குல்லா என்று வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யார் பெரியப்பா, யார் சித்தப்பா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் வெல்வெட்டில் ஜம்மென்று இருந்தேன். ஒரு தடிப்பு இல்லை. பக்கத்தில் ஹோமம் வேறு. இதைவிட நல்ல உடுப்பு என் ஜென்மத்தில் நான் போட்டதில்லை.

அப்போது ஐயர் மாப்பிள்ளையிடம், "சட்டையைக் கழட்டிட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கோங்கோ" என்றார்.

"வேணாம் சாமி! குளிரும் அவனுக்கு!" என்று மாமியார் ஓடிவந்தார்.

"அக்னி பக்கத்துல என்னம்மா குளிர்? கழட்டச் சொல்லுங்கோ, நாழியாறது."

மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தார், ஐயரைப் பார்த்தார், என்னைப் பார்க்காமல் பொத்தான்களைக் கழற்றினார். முன்கையில் பச்சை நிறத்தில், அழகான மராத்தி எழுத்தில் ஒரு பெயர். பஸ் போர்டு படித்து மராத்தி கற்றுக்கொண்டவள் என் அம்மா. எனக்குப் பின்னால் நின்றபடி எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். பெண் பெயர். என் பெயர் இல்லை.

மாமியார் முகத்தில் ஈயாடவில்லை. அம்மாவோ பெரிதாக மூச்சு விட்டு, "அட, பேருதானா சம்பந்தி! நான் வெண்குஷ்டமோ என்னமோன்னு இத்தன நாளா வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருந்தேன்!" என்றாள். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குள் கணக்கு நேராகிவிட்டது.

எனக்கு ஆகவில்லை. காது இரண்டும் கொதித்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது.

"ஒளிவு மறைவு இருக்கக் கூடாதுன்னு போன்ல சொன்ன ஆளு யாரு?" என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"காலேஜ்ல… அவளுக்குக் கல்யாணமாகிக் குழந்தையே இருக்கு. சொல்லணும்னுதான் இருந்தேன். அம்மா அவங்க தலைமேல சத்தியம் வாங்கிட்டாங்க."

அவருக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. கை முழுக்க மயிர்க்கூச்செறிந்து, அந்தப் பெயரே நடுங்குவது மாதிரி இருந்தது. கோபம் போகவில்லை. ஆனாலும் மடியில் கிடந்த என் சால்வையில் பாதியை அவர் தோளில் போட்டேன்.

"வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிருங்க. தாலி இன்னும் தட்டுலதான் இருக்கு."

மனுஷன் நிஜமாகவே யோசித்தார். ஐயர் தாலியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார். கெட்டிமேளம் முழங்கியது. என் கழுத்துக்குப் பின்னால் குனிந்து முதல் முடிச்சைப் போட்டபடி, காதோடு காதாகச் சொன்னார்: "குறட்டை விடுவேன். நெறைய."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கல்யாண வீடியோவில் தாலி ஏறுகிற இடத்தில் மணப்பெண் கடைவாய்ப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், அதை வெட்டிவிடுங்கள் என்று அம்மா வீடியோக்காரரிடம் சொன்னாளாம். மாமியாரும் அதையேதான் சொன்னாராம். நான் வெட்ட விடவில்லை.