ரத்தினத்துக்குக் கேட்ட பூ

உளுந்து மாவையும் முட்டையின் வெள்ளைக்கருவையும் குழைத்துத் துணியில் தடவி, ஒடிந்த எலும்பின்மேல் சுற்றி வைத்தால், மூன்றாம் நாள் அதிலிருந்து ஒரு புளித்த கவிச்சி வாடை கிளம்பும். எங்கள் வீட்டு "ஆசாரம்" என்கிற முன்கூடத்தில் அந்த வாடை மூன்று மாதம் குடியிருந்தது. கயிற்றுக் கட்டிலில் கால் நீட்டிக் கிடந்த என் அண்ணன் குமரேசனின் வலது முட்டியிலிருந்து வந்த வாடை அது. இப்போதும் அடுப்படியில் முட்டையை உடைத்து ஊற்றும்போது எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறும். முட்டை என்ன பாவம் செய்தது என்று என் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பத்தொன்பது. திருச்செங்கோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவே இருந்த எங்கள் ஊர்ச் சடுகுடு அணிக்கு என் அப்பாதான் எல்லாம். ஏர் ஓட்டி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்துக் களத்தைப் பதப்படுத்துவதிலிருந்து பையன்களுக்குப் பனியன் எடுத்துக் கொடுப்பது வரை அவர் பொறுப்பு. எதிரணிக் களத்துக்குள் பாடிப் போவதில் எங்கள் அணி ரத்தினத்தை மிஞ்ச ஆளில்லை. பாடி வருகிறவனைக் கணுக்காலில் பிடித்து மண்ணைக் கவ்வ வைப்பதில் என் அண்ணனை மிஞ்ச ஆளில்லை. அண்ணனை மாவட்ட அணிக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ரத்தினத்தை எடுக்கவில்லை.

அந்த வாரமே ஒரு சாயங்காலம், ஊரே பார்த்திருக்கப் பயிற்சி ஆட்டத்தில் அண்ணன் அவனை மூன்று முறை பிடித்துவிட்டான். மூன்றாவது முறை விசில் ஊதி, எல்லோரும் கையை எடுத்து, அண்ணன் மல்லாந்து கிடந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தபோது, எழுந்து நின்ற ரத்தினம் குதிகாலால் அவன் முட்டியில் ஓங்கி ஒரு மிதி மிதித்தான். ஆட்டத்தில் பட்ட அடி என்று பிற்பாடு சொல்லித் திரிந்தார்களே, அவர்கள் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும். விசில் ஊதிய பிறகு விழுந்த மிதி அது. வேலியோரம் நின்றிருந்த நான் கண்ணால் பார்த்தேன்.

அன்றைக்கே அணியைக் கூட்டி, ரத்தினத்தை இரண்டு வருசம் ஆட்டத்தில் சேர்ப்பதில்லை என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். மாவட்ட அணி அண்ணன் இல்லாமலே புறப்பட்டுப் போனது. கட்டுப் பிரித்தபோது முட்டி மடங்கவில்லை. இனி மடங்காது என்று கட்டுக் கட்டியவரே கையை விரித்துவிட்டார். அண்ணன் அழவில்லை. அம்மாதான் சாணி வழிக்கும்போதும் சோறு போடும்போதும் ரத்தினத்தின் வம்சத்தையே சபித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருசம் என்றது எட்டு மாதத்தில் கசந்துவிட்டது. தை மாதம் பள்ளிபாளையத்தில் பெரிய போட்டி, ஜெயிக்கிற அணிக்கு ஷீல்டு என்று தகவல் வந்தது. ரத்தினம் இல்லாமல் முதல் சுற்றைக்கூடத் தாண்ட மாட்டோம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "பையன் திருந்தீட்டானுங்க", "எத்தன நாளைக்குத்தானுங்க ஒதுக்கி வெக்கறது" என்று ஆளாளுக்கு வந்து அப்பாவின் காதைக் கடித்தார்கள். முட்டி போனவன் கட்டிலில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருக்கிறானே என்ற கூச்சம் ஒருத்தருக்காவது இருந்ததா? இல்லை.

அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ரத்தினம் நம்ம ஊட்டுக்கு வந்து, நாலு பேரு முன்னால, 'நான் வேணும்னுதான் மிதிச்சேன், தப்பு'ன்னு ஒரு வார்த்த சொல்லட்டுங்கப்பா. நாளைக்கே சேத்துக்கங்க. நானே பனியன எடுத்துக் குடுக்கறன்."

ரத்தினம் வர மாட்டேன் என்றான். நல்லா ஆடுகிறவன் எதற்குத் தலை குனிய வேண்டும் என்று அவனுக்கு வக்காலத்து வாங்கவும் ஆள் இருந்தது. அம்மா பொறுக்க மாட்டாமல், "அந்த ஷீல்டு வந்தா அதுல சோறாக்கித் திங்கப் போறீங்களா எல்லாரும்?" என்று கத்தினாள். அப்பா மாரியம்மனிடம் பூக் கேட்டுவிடலாம் என்று மட்டும் சொன்னார்.

எங்கள் பக்கம் பெண் பார்ப்பதோ கிணறு வெட்டுவதோ, முடிவுக்கு வர முடியாததை எல்லாம் பூக் கேட்டுத்தான் தீர்ப்பார்கள். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இலையில் சுருட்டி நாரால் கட்டி அம்மன் காலடியில் வைத்து, விவரம் அறியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். பொட்டலம் கட்டுவது பூசாரியின் வேலை. அன்றைக்கு அவருக்குக் குளிர்காய்ச்சல், கை நடுங்குகிறது என்று அப்பா தானே உள்ளே போய்க் கட்டி வைத்தார். அண்ணன் கோயிலுக்கு வரவில்லை. "சாமி என்ன சொல்லுதோ அதுக்கு நான் கட்டுப்பட்டவன்" என்று வீட்டிலேயே இருந்துவிட்டான்.

எடுத்த குழந்தை நான்தான். வெள்ளை வந்தது. கூட்டம் கைதட்டியது. மிச்சப் பொட்டலத்தைக் கிணற்றில் போட என்னிடம் கொடுத்தார்கள். சிவப்பை எடுக்காமல் போனேனே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சிவப்பையாவது பார்ப்போம் என்று கிணற்றடியில் நாரை அவிழ்த்தேன். அதிலும் வெள்ளரளி.

திரும்பினால் அப்பா நிற்கிறார். என் கையிலிருந்ததைப் பிடுங்கிக் கிணற்றில் வீசினார். "அம்மிணி, வாயத் தொறக்கக் கூடாது. சாமி சொன்னது சொன்னதுதான்" என்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை. கண் அதன் பாட்டுக்கு வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

சாமியே சொல்லிவிட்டதென்று அண்ணன் நொண்டிக்கொண்டு களத்துக்குப் போய், ரத்தினத்தின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு வந்தான். ஜெயித்தார்கள். மேளம் அடித்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் ஊர்வலம் போனது. ரத்தினம் இந்தப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. ஷீல்டை அப்பா எங்கள் ஆசாரத்தில், அண்ணன் கட்டிலுக்கு நேர் மேலே ஆணி அடித்து மாட்டினார். அம்மா சாகும்வரை அதன்மேல் படிந்த தூசியைத் துடைக்கவில்லை.

தண்டனை பெற்ற ஆட்டக்காரனைத் திரும்பச் சேர்க்கலாமா என்று இன்றைக்கும் பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அவன் இல்லாவிட்டால் அணி தோற்குமா, அவனுக்கு வயது ஏறிவிடுமா, ரசிகர்கள் ஏற்பார்களா என்றெல்லாம் அலசுகிறார்கள். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா, தப்புச் செய்தவனுக்குத் திரும்பி வர வழி இருக்கத்தான் வேண்டும். ஆனால் அடி வாங்கினானே ஒருத்தன், அவன் வீட்டு வாசலில் ஏறி இறங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். அது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுகிறீர்களே, வெட்கமாக இல்லையா?

அந்தக் களம் இப்போது இல்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் நிறுத்த அதைச் சிமெண்ட் போட்டு மெழுகிவிட்டார்கள். கோயிலில் பூக் கேட்பதும் நின்று போயிற்று. அப்பா இல்லை, பூசாரி இல்லை, ரத்தினமும் போய்ச் சேர்ந்துவிட்டான், ஒரு வார்த்தை சொல்லாமலே.

போன தையில் ஊருக்குப் போயிருந்தபோது, நாற்பது வருசமாய் நெஞ்சில் கிடந்ததை அண்ணனிடம் சொல்லிவிட்டேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான் இருந்தது என்றேன். அண்ணன் நீட்டிய காலைப் பார்த்தான்.

"கட்டுனது ஆரு, அம்மிணி?"

அப்பா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன்.

"பூசாரிதாங்கண்ணா."

அண்ணன் தலையை ஆட்டினான். அவன் கண் கலங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நம்ம அப்பாவுக்கு மட்டும் இது தெரிஞ்சிருந்துதுன்னா, அந்தப் பூசாரிய ஊர உட்டே தொரத்தியிருப்பாரு."

"ஆமாங்கண்ணா" என்றேன்.