கருவாட்டுப் பூனைப் பெட்டி

பொன்னேரியில் குடியிருக்கும் சாம்சன் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். எந்தக் கம்பெனி கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு போவார், வேலையை முடிப்பார், வந்துவிடுவார். அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு, வீட்டில் உட்கார்ந்து எதையாவது செய்துகொண்டிருப்பது. மொட்டைமாடியில் கருவாடு காயப்போட்டால் பூனை சும்மா விடுமா? பூனை கிட்டே வந்ததும் அதன்மேல் பட்டுத் திரும்பும் ஒளியைப் பிடித்து வீலென்று கத்துகிற பெட்டி ஒன்றைச் செய்தார். தெருவே வந்து வேடிக்கை பார்த்து, வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் போனது.

சர்க்யூட் படத்தை இணையத்திலும் போட்டார். கீழே தெளிவாக எழுதினார்: ‘இலவசம். வீட்டுக்குச் செய்துகொள்ளுங்கள். விற்பதாக இருந்தால் என்னைக் கேளுங்கள். என் பேரையும் இந்த எச்சரிக்கையையும் எடுக்காதீர்கள். பெட்டியின் கண்ணில் அழுக்குப் படிந்தால் இது ஊமையாகிவிடும். கை நுழையும் மெஷினில் மாட்டவே மாட்டாதீர்கள்.’ ஓரத்தில் ஒரு குட்டி மீன் படம். அது அவருடைய மகள் ஷைனி வரைந்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, தகரமூடி செய்யும் ஒரு கம்பெனிக்குச் சீரியல் விளக்குகளை அவிழ்க்கப் போனார். தகரத்தை மூடியாக அடிக்கும் பிரஸ் மெஷின்கள் இருந்த ஷெட்டுக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. பூஜைச் சந்தனத்தைத் துடைக்காமல்தான் முதல் மூடியை அடிப்பார்கள், அது அங்கே வழக்கம். அவருடைய தெருக்காரி சந்திரகலா ஒரு பிரஸ்ஸின் முன்னால் உட்கார்ந்து டமார் டமாரென்று அடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்துக்கு நேரே ஒரு பெட்டி. அதன் கண்ணிலேயே அப்பியிருந்தது சந்தனம், நடுவில் குங்குமம்.

“இது இன்னா கலா?”

“கை உள்ள போனா மெஷின நிறுத்துமாம்ணே. ஆறு மாசமாச்சு மாட்டி. அதான் இருக்குதேன்னு எங்க இடுக்கியெல்லாம் புடுங்கிக்கினாங்க. இப்போ கையாலதான் தகரம் வெக்கிறோம்.”

சாம்சன் குனிந்து பார்த்தார். சந்தனம் கண்ணை மூடியிருக்கிறது, மெஷின் ஓடுகிறதே! நல்ல காவல் பெட்டியாக இருந்தால் கண் மறைந்த நொடியே மெஷினை நிறுத்தியிருக்க வேண்டும். அவளை எழுந்திருக்கச் சொல்லி, மெயினை அணைத்து, பெட்டியைத் திறந்தார். மேலே பளபளவென்று ஒரு ஸ்டிக்கர்: ‘காப்புரிமை பெற்றது. நகலெடுத்தால் வழக்குத் தொடரப்படும்.’ உள்ளே அவருடைய சர்க்யூட், வரிக்கு வரி. பேரையும் எச்சரிக்கையையும் சுரண்டியிருந்தார்கள். மீனை அலங்காரம் என்று நினைத்தார்களோ என்னவோ, அது மட்டும் அப்படியே இருந்தது.

தூ! திருடினார்கள், போகட்டும். பூனைக்குச் செய்ததைப் பெண்பிள்ளைகளின் விரலுக்குக் காவல் வைத்திருக்கிறார்களே, இவர்களெல்லாம் சோறுதான் தின்கிறார்களா? சாம்சனுக்கு வாயில் எச்சில் ஊறி ஊறிக் கசந்தது.

சத்தம் நின்றதும் மேனேஜர் பூவராகவன் ஓடி வந்தார். “எவன்யா மெஷின நிறுத்துனது?”

சாம்சன் மெயினைப் போட்டார், பூஜை வாழைப்பழம் ஒன்றைக் கம்பியில் குத்திப் பிரஸ்ஸுக்குள் நீட்டினார், பெடலை மிதித்தார். டமார். பழம் கூழாகி மேனேஜரின் சட்டையில் தெறித்தது.

“இது என் பொட்டி சார். கருவாட்டுக்குப் பூனை வராம இருக்க கட்டுனது. கைக்கு மாட்டாதீங்கன்னு எழுதிக்கீறேன்.”

பூவராகவன் சட்டையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது பாருங்கள், அதைப் பார்க்கத்தான் சாம்சனுக்குக் குமட்டியது.

“உன்னுதா? அப்போ தப்பும் உன்னுது. எழுதிக் கையெழுத்துப் போடு.”

“போட்டுட்டா போச்சு.”

சாம்சன் எழுதினார்: ‘வடிவம் என்னுடையது. விற்க யாருக்கும் அனுமதி தரவில்லை. கைக்கு ஆகாது என்று எழுதியிருந்ததை நீக்கிவிட்டு விற்றிருக்கிறார்கள். இன்று காலை மேனேஜர் பூவராகவனிடம் இதை இயக்கிக் காட்டினேன். இனி தெரியாது என்று அவர் சொல்ல முடியாது.’ போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு தாளைக் கொடுத்தார். பூவராகவன் அதைப் படித்து, நாலாக மடித்துப் பைக்குள் திணித்தார்.

“இடுக்கிய குடுங்க சார், உக்கார்றோம்” என்றாள் சந்திரகலா. மற்றப் பெண்களும் எழுந்து நின்றார்கள்.

“அதெல்லாம் அப்பவே காயலாங்கடைக்குப் போட்டாச்சும்மா.”

“அப்போ வாங்கினு வர்ற வரிக்கும் நிக்கிறோம்.”

நின்றார்கள். சாம்சன் ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றித் தரையில் போட்டார். பேரைச் சுரண்டியதைப் பற்றி இப்போது பேசுவதே வெட்கக்கேடு என்று பட்டது அவருக்கு. இத்தனை விரல்களுக்கு முன்னால் ஒரு பேர் என்ன பெரிய பேர்?

சந்திரகலா தன் பத்து விரலையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உம் பேர ஏண்ணே சுரண்டுனானுங்க? பாவிங்க. பொட்டி மேல சாம்சன்னு ஒரு வார்த்த இருந்திருந்தா, அய்ய, இது நம்ம தெரு பூனப் பொட்டியாச்சேன்னு அன்னிக்கே சிரிச்சிக்கினு, இடுக்கிய குடுக்கவே மாட்டேன்னு இருந்திருப்பேனே.”