கரை பலமாக உள்ளது

தையல்நாயகி பஞ்சாயத்துத் தீர்மானப் புத்தகத்தைக் கேப்பைப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறாளாம் என்ற பேச்சு கூட்டேரிப்பட்டு டீக்கடைக்கு வந்தபோது ஏற்கெனவே இரண்டு வாய் மாறியிருந்தது. மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிப்போன வண்டிக்காரன் சொன்னதை பஸ் கண்டக்டர் கேட்டார். கண்டக்டர் சொன்னதை டீக்கடைக்காரர் கேட்டார்.

"கேப்பையோட சேத்து அரைச்சு, தலைவருக்கே கூழ் காய்ச்சி ஊத்தப் போறாளாம்பா!"

சாயங்கால பஸ் திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் புத்தகம் அடுப்பிலேயே எரிந்துபோயிருந்தது.

புத்தகம் எரியவும் இல்லை, பானைக்குள் போகவும் இல்லை. ஆவரந்தாங்கல் கிராமத்தில், ஏரிக்கரைக்கு நேர் கீழே இருந்த கீழத்தெருவில், தையல்நாயகி வீட்டு விட்டத்தில் ஒரு சாக்குப்பைக்குள் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் பஞ்சாயத்து கிளார்க் பாண்டுரங்கன்தான். அவள் யாருடைய கையிலிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அவ்வளவே.

இது 1963ஆம் வருஷத்துக் கதை. அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பிரம்மதேசத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்பு வரை படித்து, பதினேழு வயதில் துரைக்கண்ணுவைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள். கரைக்குக் கீழே ஒரு காணி நிலம், இரண்டு மாடு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் ஒரு வரியை ஆரம்பித்துவிட்டால், அது முடிகிறவரை உலை பொங்கினாலும் எழுந்திருக்கமாட்டாள்.

பஞ்சாயத்து உறுப்பினர் பதவி அவள் கேட்டு வாங்கியதல்ல. தேர்தலில் ஜெயித்த ஏழு பேரும் ஆண்கள். பெண் ஒருத்தியாவது வாரியத்தில் இருக்கவேண்டும் என்று சட்டம் சொன்னது. தலைவர் தேவநாதனின் மனைவியைக் கேட்டார்கள். அந்தம்மாள் கதவைச் சாத்திக்கொண்டார். தபால் ஆபீஸ் நடத்திய இருதயமேரி சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர், அவரால் ஆகாது. கையெழுத்துப் போடத் தெரிந்தவள், புருஷன் யாருடனும் சண்டைக்குப் போகாதவன் என்று தேடி வந்ததில் தையல்நாயகி அகப்பட்டாள். தான் உறுப்பினர் ஆன சேதியே, முதல் கையெழுத்துக்குப் புத்தகம் வீட்டுக்கு வந்தபோதுதான் அவளுக்குத் தெரியும்.

ஆவரந்தாங்கலில் கூட்டத்துக்கு ஆட்கள் கூடும் பழக்கம் இல்லை. மாசாமாசம் பாண்டுரங்கன் தீர்மானத்தைத் தானே எழுதி, புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். ஒருவர் மாட்டுக்கொட்டகையில் கையெழுத்துப் போடுவார், ஒருவர் ஏரை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்து போடுவார். இதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. அவளும் இரண்டு வருஷம் காட்டிய இடத்தில் போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தச் சித்திரையில் பாண்டுரங்கனுக்கு ஒரு யோசனை வந்தது.

"அக்கா, இந்த வாட்டி ஒரே நடையா முடிச்சிடலாம். பன்னெண்டு எடத்துல போட்டுட்டீங்கன்னா, அடுத்த சித்திரை வரைக்கும் உங்களை வந்து பேஜாரு பண்ணமாட்டேன்."

மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "பன்னெண்டா? இன்னாத்துக்கு?"

"பன்னெண்டு மாசத்துக்கும்தான். வருசா வருசம் அதே வேலை. கெணறு தூர் வாரணும், வரத்துக்கால் வெட்டணும், ஏரி மீனு ஏலம், புளியமரம் ஏலம், வெளக்குக்கு சிம்னி, காலரா ஊசி. வேற இன்னா புதுசா நடந்துடப் போவுது? எல்லாத்தையும் ஒக்காந்து எழுதிப்புட்டேன். மத்த ஏழு பேரும் போட்டாச்சு."

அவருக்கு மோர் கொடுத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் படிக்க உட்கார்ந்தாள். ஒரே மை, ஒரே கையெழுத்து, ஏப்ரலிலிருந்து மார்ச் வரை. ஆகஸ்டு பக்கத்தில் விரல் நின்றது.

"சீனுவாசன் காய்ச்சலா இருக்கிறதால வரலைன்னு போட்டிருக்குதே?"

"ஒரு மாசமாச்சும் ஒருத்தர் வராம இருந்தாத்தானேக்கா பாக்கறவனுக்கு நம்பிக்கை வரும்?"

"ஆகஸ்டுல காய்ச்சல் வரப்போவுதுன்னு சீனுவாசனுக்குத் தெரியுமா?"

பாண்டுரங்கன் மோர் புரையேறச் சிரித்தார். அவளும்தான் சிரித்தாள். அடுத்து நவம்பர் பக்கத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. *நவம்பர் 15. உறுப்பினர்கள் அனைவரும் ஏரிக்கரை முழுவதும் நேரில் நடந்து பார்வையிட்டனர். கரை பலமாக உள்ளது.*

இதே வரியைப் போன வருஷமும் எழுதியிருந்தார்கள். அதன் கீழ் அவளுடைய கையெழுத்தும் இருந்தது. அன்றைக்கு அவளும் துரைக்கண்ணுவும் மதகுக்குத் தெற்கே, நண்டு வளை வழியாகக் கசிந்த தண்ணீரை வைக்கோலும் களிமண்ணும் வைத்து விடிகாலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். புத்தகம் வந்தபோது விரலிடுக்கில் அந்தக் களிமண் காயவே இல்லை. அந்தக் கையாலேயே கரை பலமாக உள்ளது என்று போட்டுக் கொடுத்திருக்கிறாள். அந்த இடம் பிய்த்துக்கொண்டால் கீழத்தெருவின் நாற்பது வீடும் ஒரு நாழிகை தாங்காது.

"வெச்சுட்டுப் போங்க. படிச்சுட்டுத் தர்றேன்" என்றாள்.

பாண்டுரங்கன் வைத்துவிட்டுப் போனார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அதுதான் என்று பிற்பாடு அவரே சொல்லித் திரிந்தார்.

நாலு நாள் கழித்து தலைவர் தேவநாதனே குடையோடு வாசலில் வந்து நின்றார்.

"இந்தாம்மா தையலு, பஞ்சாயத்துச் சொத்தை வூட்டுல வெச்சுக்கினா அதுக்கு இன்னா பேரு தெரியுமா?"

"நடக்காததை நடந்துச்சுன்னு எழுதினா அதுக்கு இன்னா பேருங்க தலைவரே?"

"உன்னை மெம்பராக்கினதே நாங்கதான்."

"இல்லைன்னு யாரு சொன்னது? மெம்பர்னா கூட்டத்துக்கு வரணுமில்ல? கூட்டத்தைப் போடுங்க, வர்றேன். நவம்பர்ல கரைமேல நடப்போம். நல்லா இருந்துச்சுன்னா மொதக் கையெழுத்து என்னுது."

தலைவர் குரலைத் தணித்தார். "கரையைப் பாக்கப் போனா ஏதாவது ஒண்ணு சொல்லுவானுங்க. தண்ணியைக் கொறைன்னுவானுங்க. கலங்கல்ல நான் அடுக்கியிருக்கற மணல் மூட்டையை எடுத்துட்டா என் நவரைப் பயிருக்குத் தண்ணி ஏது? யோசிச்சுப் பாரு."

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம் கலங்கல். அங்கே மூட்டை அடுக்கினால் தண்ணீர் இரண்டு அடி கூட நிற்கும். மேட்டில் இருக்கும் தலைவரின் வயலுக்கு அது ஏறிப் பாயும். அந்த இரண்டு அடிப் பாரத்தையும் தாங்குவது கீழத்தெருவின் தலைமேல் இருக்கும் கரை.

"யோசிச்சுட்டேங்க" என்றாள் தையல்நாயகி. "உங்க பயிரு காஞ்சா ஒரு போகம் போவும். நாங்க போனா திரும்பி வருவோமா?"

துரைக்கண்ணு அன்று ராத்திரிச் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. "உனுக்கு இன்னா வந்துச்சு? அந்த ஆளுகிட்ட நாளைக்கு மடைத்தண்ணிக்குப் போய் நிக்கணுமே நான்."

"நில்லுங்க. தலையை மட்டும் நிமித்திக்கினு நில்லுங்க."

தலைவர் சளைத்தவரல்ல. பாண்டுரங்கனிடம் புதுப் புத்தகம் ஒன்று வாங்கச் சொன்னார். மூன்று கூட்டத்துக்குத் தொடர்ந்து வராத உறுப்பினரின் பதவி போய்விடும். ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்று மாசமும் தையல்நாயகி வரவில்லை என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. சட்டப்படி நோட்டீஸ் மட்டும் ஆபீஸ் கதவில் ஒட்டவேண்டும். ஒட்டினார்கள், அதை யார் படிக்கப்போகிறார்கள்?

பஞ்சாயத்து ஆபீசும் தபால் ஆபீசும் ஒரே கட்டடம், நடுவே ஒரு சுவர். இருதயமேரி படித்தார், படித்ததைக் கீழத்தெருவுக்குச் சொல்லி அனுப்பினார்.

ஜூன் பத்தாம் தேதி பத்து மணிக்குத் தையல்நாயகி வெளுத்த புடவை கட்டிக்கொண்டு போனாள். கதவில் பூட்டு தொங்கியது. படியில் பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தாள். வழியில் போனவர்கள் சும்மா போகவில்லை.

"இன்னா மெம்பரம்மா, பூட்டுகிட்ட தீர்மானம் போட்டுக்கினு இருக்கியா?"

"ஆமாம்பா. உங்க மெம்பருங்களைவிட இது பொறுப்பா எடத்தை வுட்டு நவுராம இருக்குது."

பிறகு எழுந்து தபால் ஆபீசுக்குள் போய் ஒரு கார்டு வாங்கினாள். எழுதித் தரட்டுமா என்று இருதயமேரி கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அரை மணி நேரம் குனிந்து தானே எழுதினாள். யூனியன் ஆபீசில் பஞ்சாயத்துகளைப் பார்க்கும் அதிகாரிக்கு: *இன்று கூட்டத்துக்கு வந்தேன். நான் மட்டும் இருந்தேன். பூட்டு தொங்கியது. தையல்நாயகி, உறுப்பினர்.*

"அக்கா, முத்திரையை அழுத்திக் குத்துங்க. தேதி நல்லாத் தெரியணும்" என்று கார்டை நீட்டினாள்.

இருதயமேரி மேசை அதிரக் குத்தினார். ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. பதவி போயிற்று என்று தலைவர் எழுதி அனுப்பிய கடிதம் யூனியனுக்குப் போனபோது, அங்கே மூன்று கார்டுகள் அதற்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தன. அதிகாரி ஒரே ஒரு வரி பதில் போட்டார்: இனிமேல் கூட்டங்கள் முறைப்படி நடக்கவேண்டும், பழைய தீர்மானப் புத்தகத்திலேயே எழுதவேண்டும்.

செப்டம்பரிலும் அக்டோபரிலும் கூட்டம் என்று ஒன்று நடந்தது. எட்டுப் பேரும் வந்தார்கள். பாய் போதவில்லை. யார் எங்கே உட்காருவது என்றே தெரியாமல் முழித்தார்கள். தையல்நாயகி புத்தகத்தைக் கொண்டுவந்து, முடிந்ததும் கையோடு எடுத்துக்கொண்டு போனாள். தலைவர் அவள் பக்கம் திரும்பவேயில்லை. கலங்கல் பேச்சை எடுத்தபோதெல்லாம் "அதை நவம்பர்ல பாத்துக்கலாம்" என்றார்.

நவம்பரும் வந்தது. ஐப்பசி மழை ஆறு நாள் விடாமல் கொட்டியது. ஏரி கழுத்து வரை நின்றது. பதினைந்தாம் தேதி காலையில் தலைவர் விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார் என்று தெரிந்தது. துணைத் தலைவரையும் மூன்று உறுப்பினர்களையும் கூடவே கூட்டிப் போயிருந்தார். பாண்டுரங்கனிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்: "பதினோரு மணிக்கு போன் பண்றேன். ஆளு சேரலை, கூட்டம் தள்ளி வெச்சாச்சுன்னு நீ சொல்லணும். வேற பேச்சு என் காதுல வுழக்கூடாது." அந்த வருஷம்தான் யூனியனில் பேசி ஆபீசுக்கு டெலிபோன் வாங்கியிருந்தார். கருப்பாக, மேசையின் நடுவில், துணி போர்த்தி இருக்கும்.

பத்து மணிக்குத் தையல்நாயகி வந்தாள். கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சீனுவாசன் வந்தான். காலனியிலிருந்து ஜெயித்த மாரியப்பன் முழங்கால் சேற்றோடு வந்தான். அவன் வீடும் கரைக்குக் கீழேதான்.

"மூணு பேருதான்" என்றார் பாண்டுரங்கன்.

"மூணு பேரு இருந்தா கூட்டம்னு நீங்கதான் அக்டோபர்ல படிச்சுக் காட்டினீங்க."

"தலைவர் இல்லாம எப்டிக்கா..."

"தலைவர், துணைத் தலைவர் ரெண்டு பேரும் இல்லேன்னா வந்தவங்கள்ல ஒருத்தரை ஒக்கார வெக்கலாம். அதுவும் நீங்க படிச்சதுதான்."

சீனுவாசன் கோணியை உதறினான். "அக்காவே ஒக்காரட்டும். எனக்குக் காய்ச்சல் வரவெச்ச ஆளைக் கேள்வி கேக்க அவங்கதான் சரி."

மாரியப்பன் கையைத் தூக்கினான். தையல்நாயகி தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் தரையில் எட்டவில்லை; நுனிக்கு நகர்ந்து ஊன்றிக்கொண்டாள். புத்தகத்தில் நவம்பர் பக்கத்தைத் திறந்தாள். சித்திரை வெயிலில் எழுதிய அந்த இரண்டு வரிமேல், இரண்டு பேர் பார்க்க, ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"எழுதுங்க. காலையில மதகுக்குத் தெக்கே மூணு எடத்துல கசிவு. பாத்தது மாரியப்பன். இப்ப உறுப்பினருங்க மூணு பேரும் கரைமேல போறோம். கலங்கல்ல இருக்கற மூட்டையை இன்னிக்கே எடுக்கறது. வூட்டுக்கு ஒரு ஆளு, மம்பட்டியோட. தலைவர் வூட்டுக்கும் சேத்துத்தான்."

பாண்டுரங்கன் மையைத் தொட்டு, மூட்டை என்ற இடம் வரை எழுதியிருந்தார். அப்போது டெலிபோன் அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் முத்திரை குத்தும் சத்தம் நின்றது. பாண்டுரங்கன் பாதி எழுந்துவிட்டார்.

"எடுக்கலைன்னா என் வேலை போயிடும்க்கா."

"எடுங்க, நான் தடுக்கலை. எடுத்தா கூட்டம் நடக்குது, தையல்நாயகி ஒக்காந்திருக்கா, கலங்கலைத் தெறக்கறோம்னு சொல்லணும். சொல்றீங்களா?"

அவர் டெலிபோனைப் பார்த்தார். வெளியே மம்பட்டியோடு மழையில் நின்ற துரைக்கண்ணுவைப் பார்த்தார். அவன் பின்னால் ஏழெட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"'மூட்டையை'ன்னதுக்கு அப்புறம் இன்னா சொன்னீங்க?" என்று கேட்டு, பாண்டுரங்கன் உட்கார்ந்தார்.

எழுதி முடித்ததை அவள் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். ஒரு சொல்லையும் தாண்டவில்லை. அதற்குள் மணி ஒரு முறை ஓய்ந்து மறுபடி பிடித்துக்கொண்டது. முதலில் அவள் போட்டாள், அடுத்து மாரியப்பன், அடுத்து சீனுவாசன். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியிறங்கினாள். துரைக்கண்ணு இன்னொரு மம்பட்டியை அவள் கையில் கொடுத்தான்.

கரைமேல் ஏறியபோது தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் அலையடித்தது. மாரியப்பன் கலங்கல் பக்கம் ஓடி முதல் மூட்டையைப் புரட்டினான். தெற்கே, கசிவு இருந்த இடத்தில் அவள் குனிந்து மண்ணை அமுக்கிப் பார்த்தாள்.

"தையலு, போன் இன்னும் அடிச்சுக்கினே இருக்குது!" என்று ஆபீஸ் பக்கமிருந்து இருதயமேரி கத்தினார்.

"அடிக்கட்டும்" என்றாள் தையல்நாயகி, களிமண்ணுக்குக் கையை நீட்டிக்கொண்டே.