நானூற்றுப் பன்னிரண்டாவது வெங்காயம்

ஆய்வு நிலையத்தில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் இல்லாதபோது வெங்காயம். பத்தொன்பது வருடமாக ஒரே சரிவில் காட்டு வெங்காயத்தை எண்ணிக்கொண்டிருப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எண் போட்ட தகடு. மாணவர் யாராவது ஆர்வக்கோளாறில் ஒன்றைத் தோண்டிவிட்டால் அன்று முழுக்க அர்ச்சனைதான்.

இப்போது சாலை வருகிறது. சரிவு, எதிரே உள்ள தோப்பு, இரண்டில் ஒன்றுக்குத்தான் வேலி. மற்றதன் மேல் தார். தோப்பில் தேவாங்கு இருக்கிறது. அதை ஆராய்பவன் பக்கத்து மேசைக்காரன், தங்கமான பிள்ளை. மனதாரத் திட்டக்கூட முடியவில்லையே என்பது அவளுக்குத் தனி எரிச்சல்.

மழைக்காலத்தில் வாருங்கள், அப்போதுதான் இலை தலைகாட்டும் என்று வேலி எங்கே என்று முடிவு செய்யும் அரசுக் குழுவுக்கு நான்கு கடிதம் போட்டாள். ஜீப் சேற்றில் மாட்டிக்கொள்ளும் என்று கொளுத்தும் கோடையில் வந்து இறங்கினார்கள். தேவாங்கும் பகலில் கண்ணில் படாதுதான். ஆனால் அதற்குப் படம் இருந்தது: கையகல உடம்பு, முகம் முழுக்கக் கண். அதிகாரிகள் உருகிப்போனார்கள். சரிவில் வெறும் மண்ணும் தகடுகளும்.

"செடி எங்கம்மா?" என்றார் தலைவர்.

"மண்ணுக்குள்ள தூங்குது சார். அங்க தேவாங்கு தூங்குற மாதிரிதான்."

"தகடு யார் வேணும்னாலும் நடலாமே. ஒண்ணையாவது காட்டுங்க."

வேறு வழி தெரியாமல் கடைசித் தகட்டருகே தானே தோண்டினாள். தலைவர் கிழங்கை வாங்கி, உள்ளே என்னவோ இருக்கப்போகிறது என்பதுபோல் உரிக்க ஆரம்பித்தார். வேண்டாம் என்று அவள் சொல்லச் சொல்ல, ஏடு ஏடாக உரித்துப் போட்டார். முடிவில் கையில் மிஞ்சியது அரிப்பு மட்டும்.

"இதுக்குப் போயா வேலி?" என்று சொறிந்துகொண்டே ஜீப்பில் ஏறினார்.

வேலி தோப்புக்குப் போனது. பக்கத்து மேசைக்காரன் தேநீர் வாங்கி வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றான். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பதிவேட்டைத் திறந்து, இந்த ஆண்டு இழப்பு ஒன்று என்று குறித்தாள். காரணம் என்ற கட்டத்தில் வழக்கமாக முள்ளம்பன்றி என்றோ அழுகல் என்றோ எழுதுவாள்.

இந்த முறை தன் பெயரை எழுதினாள்.