படத்தை நிறுத்திய இடம்

அந்தப் படத்தில் அவர் சிரிப்பது நான்கைந்து விநாடிகள்தான். தலையில் துண்டு, இடுப்பில் கோவணம், கையில் மண் கூடை. வரிசையாக நடந்து வரும் கூலியாட்களில் ஆறாவது ஆள். திரும்பி நம்மைப் பார்த்து, மேலுதடு ஒரு பக்கமாக ஏறிக்கொள்ளச் சிரிப்பார். அடுத்து மூங்கில் காடு, தண்டவாளம், ஜப்பானியச் சிப்பாய்கள் என்று படம் போய்விடும். எண்பதுகளில் ஒரு மழை நாளில், விழுப்புரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அதை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். புரொஜெக்டர் சத்தத்தையும் மீறி, என் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. எங்கள் டிரைவர் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டும் அரசாங்க வண்டி ஒன்றில் நான் ஆபரேட்டர், அவர் டிரைவர். முகையூர் பக்கமும் திருவெண்ணெய்நல்லூர் பக்கமும் தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, நெல் விதை என்று காட்டித் திரிந்த எங்களுக்கு அந்த வாரம் சென்னையிலிருந்து வேறு மாதிரிப் பெட்டிகள் வந்திருந்தன. உலகப் போரின்போது ஆசியாவில் படைக்காரர்களே எடுத்து வைத்திருந்த காட்சிகளைத் தொகுத்து, மாணவர்களுக்குக் காட்டச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அண்ணன் எந்தப் படமும் பார்க்கிறவர் அல்ல. நான் ஓட்டி முடிக்கும்வரை வண்டியில் கால் நீட்டித் தூங்குவார். அன்று வண்டியின் கூரை ஒழுகியதால் உள்ளே வந்திருந்தார்.

மாணவர்கள் போன பிறகு என்னிடம் வந்தார்.

“தம்பி, அந்தக் கூடை தூக்கிக்கினு வர்ற எடத்தை இன்னொரு தபா ஓட்டு.”

பின்னோக்கிச் சுற்றி மறுபடி ஓட்டினேன். திரையைத் தொட்டுவிடும் தூரத்தில் போய் நின்றார். “இவரு எங்கப்பாடா” என்றார். எனக்கு முதலில் அவர்மேல் பரிதாபம்தான் வந்தது. ஆனால் திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தபோது அந்த மேலுதட்டைப் பார்த்தேன். நான் தினமும் பக்கத்து இருக்கையில் பார்த்துக்கொண்டிருந்த உதடு.

அவருடைய அப்பா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர். ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டு, மகன் தவழத் தொடங்கியபோது மறுபடியும் கப்பல் ஏறினார். கல்யாணத்தின்போது எடுத்த ஒரு போட்டோவில்தான் அந்த முகம் அண்ணனுக்குப் பழக்கம். போர் வந்தது, கடிதங்கள் நின்றன. போர் முடிந்த பிறகும் வரவில்லை. தோட்டத்து ஆட்களைச் சயாம் என்கிற தாய்லாந்துக் காட்டுக்கு ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனார்கள் என்று திரும்பி வந்த யாரோ சொன்னார்களாம். பங்காளி வீட்டில் வேறு விதமாகப் பேசினார்கள். அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறார் என்றார்கள். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்த அண்ணனின் அம்மா அந்தப் பேச்சை வாசலுக்குள் சேர்த்ததில்லை. நாற்பது வருடங்களாகக் குங்குமம் வைத்துக்கொண்டு, பூ முடித்துக்கொண்டு காத்திருந்தார்.

மறுநாள் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் அதே படம். அம்மாவை அழைத்து வந்து காட்டப் போவதாக அண்ணன் சொன்னார். பெட்டியோடு வந்திருந்த ஆங்கிலக் குறிப்பை அவருக்குப் படித்துச் சொன்னவன் நான்தான். கூலியாட்கள் சிரிக்கும் பகுதி, எல்லாரும் சந்தோஷமாக வேலை செய்கிறார்கள் என்று உலகத்துக்குக் காட்ட ஜப்பான் ராணுவம் எடுத்தது. அதை ஒட்டி வருவது போர் முடிந்த பிறகு ஜெயித்தவர்கள் எடுத்தது. அதே இடம், அதே குடிசைகள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களைப் போட்ட குழிகள். மலாயாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரமாக அங்கே செத்தார்கள் என்று எழுதியிருந்தது.

அண்ணன் குறிப்பை வாங்கி மடித்து ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் செருகினார்.

“அந்தக் குழி வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடு. அம்மாவுக்கு அவரு முகத்தைப் பாத்தாப் போதும். மத்தது தெரிய வேணாம்.”

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இருபத்தைந்து வயதில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

மதிய இடைவேளையில் அம்மா வந்தார். ஜன்னல்களில் ஜமக்காளம் தொங்கவிட்டு இருட்டாக்கிய மண்டபத்தில், முன்வரிசை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். புதுப் புடவை கட்டியிருந்தார். என்ன காட்டப் போகிறோம் என்று அண்ணன் சொல்லியிருக்கவில்லை. நான் ஒலியை அணைத்துவிட்டு ஓட்டினேன். ஆறாவது ஆள் திரும்பியதும் அம்மாவின் கை புடவைத் தலைப்பைப் பற்றியது. அடையாளம் தெரிகிறதா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“இன்னொரு தபா போடு தம்பி” என்றார் அம்மா. போட்டேன். மூன்றாவது முறையும் கேட்டார். ஒவ்வொரு முறையும் குழிகள் வருவதற்கு முன்னால் விளக்கை அணைத்தேன்.

“எந்த ஊரு இது?”

“சயாம்மா. ரயில் பாதை போட்ட எடம்” என்றார் அண்ணன்.

“காயிதம் நின்னதுக்கு அப்புறமா?”

“ஆமாம்மா.”

“சிரிக்கிறாரு.”

அண்ணன் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான். அம்மா எழுந்து, “பஸ்சுக்கு நேரமாவுது” என்று சொல்லிவிட்டு வெளியே வெயிலில் நடந்தார்.

நான்கு நாள் கழித்து அண்ணன் தாடியோடு வேலைக்கு வந்தார். அம்மா அன்றைக்கே வீட்டுக்குப் போய்க் குங்குமத்தை அழித்துவிட்டாராம். தாலியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாராம். அப்பா செத்துப்போனார் என்று நினைத்துவிட்டாயா என்று அண்ணன் கேட்டதற்கு, “செத்திருந்தா அழுதிருப்பேன்டா. இது சிரிப்பு. அங்க சிரிச்சிக்கினு இருந்த மனுசனுக்குத்தான் நான் இங்க பூ வெச்சிக்கினு இருந்தேன்” என்றாராம். நாற்பது வருடம் பங்காளிகள் பேசிப் பேசி நம்ப வைக்க முடியாததை நாங்கள் இரண்டு பேரும் ஒரு மதியத்தில் நம்ப வைத்துவிட்டோம்.

அண்ணன் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். “அப்ப ஏன் அன்னிக்கே அதைக் காட்டல?” என்று அம்மா திருப்பிக் கேட்டாராம். நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிராமத்துக்குப் போனேன். அம்மா முற்றத்தில் மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. எனக்கு மோர் கொடுத்தார். குறிப்பில் இருந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தச் சிரிப்பு சொல்லிவைத்துச் சிரிக்க வைத்தது என்றேன். காலரா, குழிகள் எல்லாம் சொன்னேன். உரிப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

“நீயும் அவனும் நல்ல பசங்கதான். எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீங்க. நான் கண்ணால பாத்தேன் தம்பி.”

படப்பெட்டிகள் அதற்குள் சென்னைக்குத் திரும்பியிருந்தன. மறுபடி அனுப்பச் சொல்லி எழுதினேன். வேறு மாவட்டத்துக்குப் போயிருப்பதாகப் பதில் வந்தது. அடுத்த கடிதத்துக்கு, பிரதி தேய்ந்துவிட்டது, இனி அனுப்புவதற்கில்லை என்றார்கள். அந்தக் கடிதத்தை அண்ணனிடம் நீட்டியபோது அவர் வாங்கிப் படிக்கக்கூட இல்லை. வண்டியைக் கிளப்பினார்.

இரண்டு வருடத்தில் அம்மா இறந்தார். சாவு வீட்டில் பெண்கள் பொட்டு வைப்பதா வேண்டாமா, பூ போடுவதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புருஷன் இருக்கிறானா செத்தானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு பெரியம்மா அண்ணனைக் கேட்டார். அண்ணன் எழுந்து பாடை கட்டுகிறவர்களிடம் போய்விட்டார். கடைசியில் எதுவும் வைக்காமலே எடுத்துக்கொண்டு போனார்கள். அப்பாவின் போட்டோவைத் தன் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாராம். அண்ணன் மாட்டவில்லை. அப்பாவுக்குத் திதி கொடுத்ததும் இல்லை. எந்த நாளில் கொடுப்பது என்று தெரியாது என்பார். காரணம் அது மட்டுமல்ல என்பது எனக்குத் தெரியும். அம்மா சொன்னதில் ஒரு பங்கு அவருக்குள்ளும் இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள் ஒரே வண்டியில் போனோம். அந்த மதியத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசியதில்லை.

போன மாதம், விழுப்புரத்தில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் எதையோ தேடப் போய், அந்தக் காட்சி கிடைத்தது. இப்போது விரலால் தொட்டால் படம் நின்றுவிடுகிறது. எங்கள் புரொஜெக்டரில் நிறுத்தினால் விளக்குச் சூட்டில் பிலிம் பொசுங்கும் என்பதால் அன்று ஓடவிட்டுத்தான் பார்த்தோம். நிறுத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வரிசையில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கும் கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை, அதற்குச் சற்றுத் தள்ளி யாரையோ பார்க்கின்றன. அந்த யாரோவின் நிழல் தரையில் விழுந்திருக்கிறது. நிழலின் கையில் ஒரு தடி. ஆறாவது ஆளின் விலா எலும்புகளை எண்ண முடிந்தது.

மறுநாளே திண்டிவனம் பஸ் ஏறினேன். அண்ணனுக்கு எண்பது தாண்டிவிட்டது, கண் மட்டும் நன்றாக இருக்கிறது. கைப்பேசியை அவர் கையில் கொடுத்தேன். நிழலைக் காட்டினேன். கைப்பேசியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு, “ஓட்டு” என்றார்.

“அண்ணே, அடுத்து அந்தக் குழிங்க வரும்.”

“தெரியும். ஓட்டு.”

ஓட்டினேன். குடிசைகள் வந்தன, குழிகள் வந்தன. கடைசிவரை பார்த்தார். கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்தபடி கொல்லைப்பக்கம் போனார். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சமையலறையிலிருந்து அண்ணி குரல் கொடுத்தார்.

“காலைலதான குளிச்சீங்க? மறுபடி இன்னாத்துக்கு?”

தலையில் தண்ணீரை ஊற்றிக்கொள்ளும் சத்தத்துக்கு நடுவே அண்ணன் சொன்னார்:

“எங்கப்பா செத்துட்டாரு.”