அம்மன் நகைப்பெட்டிச் சாவி

என் வீட்டுக்காரர் காசிமேட்டில் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு முங்குகிறவர். விசைப்படகின் புரொப்பல்லரில் வலை சுற்றிக்கொண்டால் அடியில் போய் அறுத்துவிட்டு வருவார். இறங்குமுன் செல்போன், வண்டிச் சாவி, கல்யாண மோதிரம் எல்லாவற்றையும் டிபன் பாக்ஸில் போட்டு அந்தப் படகு டிரைவரிடம் கொடுப்பார். தண்ணீரில் விரல் சுருங்கினால் மோதிரம் கழன்றுவிடும். அந்த டிரைவர் அன்றைக்குத்தான் பார்த்த ஆளாகவும் இருப்பார்.

போன வருடம் எங்கள் குப்பத்து அம்மனின் நகைப்பெட்டிச் சாவியைக் காக்கிற முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. முறைக்காரர் அதை அரைஞாண் கயிற்றில் கட்டியிருக்க வேண்டும். பொம்பளை கையில் தரக் கூடாது, தீட்டாம். விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள் நான்.

ஆடித் திருவிழா அன்று காலையில் அவசர வேலை என்று அவரைக் கூப்பிட்டார்கள்.

"சாவிய குட்த்துட்டுப் போய்யா. சாமி மாடத்துல வெக்கிறேன்."

"உன் கைல குட்த்தேன்னு தெரிஞ்சா ஊரே என்னை நிக்க வெச்சிக் கேக்கும்மே."

மதியம் முகம் செத்துப்போய்த் திரும்பினார்.

"இடுப்புல வலை மாட்டிக்கிச்சி. கத்தி போட்டு அறுத்தேன். கயிறும் சேந்து அறுந்து பூட்ச்சி. திரும்ப முங்கித் தடவுனேன், சேத்துல ஒண்ணும் ஆப்டல."

உயிரோடு வந்தாரே என்று முதலில் அம்மன் படத்துக்குக் கற்பூரம் ஏற்றினேன். அப்புறம்தான் வயிறு எரிந்தது. டீசலும் சாக்கடையும் அழுகின மீனும் மிதக்கிற தண்ணீர் அது.

"அந்த கலீஜு தண்ணிக்கு இல்லாத தீட்டு என் கைல இன்னாய்யா கீது?"



சாயங்காலம் அம்மன் வீதிக்கு வர வேண்டும். நகையில்லாமல் எப்படி வருவாள்? பெரியவர்கள் கூடிப் பூட்டை உடைத்தார்கள். அதில் ஒருவர் என் வீட்டுக்காரரிடம் கேட்டார்: "வூட்ல யார்னா தீட்டோட இருந்தாங்களா நைனா? அதான் இப்டி ஆய்ட்ச்சா?" கேட்டது அவரிடம், பார்த்தது என்னை.

"சாவிய நான் தொட்டதே இல்ல மாமா. தொட்டிருந்தா பத்திரமா வூட்ல இருந்திருக்கும்" என்றேன். கூட்டத்தில் எவளோ சிரித்தாள். என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கவே இல்லை. புதுப்பூட்டு வாங்கி, தடித்த நைலான் கயிற்றில் சாவியைக் கோத்து மறுபடி அவர் இடுப்பிலேயே கட்டினார்கள்.

அடுத்த முறை முங்கப் போகும்போது தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். கதவைச் சாத்தினார். கயிற்றை அவிழ்த்துச் சாவியை என் கையில் வைத்து, "யார் கைலயும் சொல்லிக்கினு இருக்காதமே" என்றார்.

திருட்டுச் சாமான் மாதிரி கொடுத்தார். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. முறை முடியும்வரை அவர் முங்கின நாளெல்லாம் சாவியைச் சாமி மாடத்தில் வைத்துக் காத்தது நான். கரையேறி வந்து அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊருக்குக் காட்டினது அவர்.

எழுதினேன் என்று தெரிந்தால் கத்துவார். கத்தட்டும். யார் காத்தது என்று அம்மனுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியட்டும்.